இருக்கக் கூடாத ஒளி

கரும்பொருளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: பிரபஞ்சத்தில் இருக்கும் பொருளில் சுமார் 85 சதவீதம் கண்ணுக்குத் தெரியாதது, அதற்கும் ஒளிக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த "சம்பந்தமே கிடையாது" என்பதில்தான் எனக்குத் தகராறு. ஆக்சியான் என்று ஒரு துகள் நிஜமாகவே இருந்தால், அதற்கும் ஒளிக்கும் ஒரு உறவு உண்டு. மிக மெல்லிய உறவு, அதுவும் நடுவில் ஒரு காந்தப்புலம் இருந்தால்தான் வெளிப்படும். அந்தக் காந்தப்புலம் மிக மிக வலுவாக வேண்டுமென்றால் நியூட்ரான் விண்மீன்களை, அதாவது பெரிய விண்மீன் வெடித்த பிறகு மிஞ்சும் அடர்ந்த கருக்களை, விட்டால் வேறு கதியில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். தடாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. திருப்பதியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள், ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "மாமா, மேக்னடார்ல காந்தம் எக்கச்சக்கம். அங்கே வர்ற வெளிச்சம் ஆக்சியானா மாறிடும். அப்போ வெளிச்சம் குறையும். அந்தக் குறையுறதை அளந்தா போதும் இல்ல?"

மேக்னடார் என்றால் காந்தம் மிக மிக வலுவாக உள்ள நியூட்ரான் விண்மீன். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. இணையத்தில் பாதி வீடியோக்கள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் விஷயம் அப்படிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம், அதை விட்டுவிட்டு "மர்மத் துகள்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஆக்சியான் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைக் கரும்பொருளுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. நியூட்ரானுக்குள் மின்னூட்டம் கொண்ட குவார்க்குகள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று லேசாகவாவது சாய்ந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் சாய்வே இல்லை, எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பூஜ்யம்தான் வருகிறது. இந்தப் பூஜ்யத்துக்குக் காரணம் சொல்ல 1977-ல் பெச்சேயும் குவின்னும் ஒரு வழி காட்டினார்கள். அந்த வழியில் போனால் புதிதாக ஒரு துகள் வந்தே ஆக வேண்டும் என்று 1978-ல் வைன்பெர்கும் வில்செக்கும் தனித்தனியாகக் காட்டினார்கள். அப்புறம் 1983 வாக்கில், அந்தத் துகள் ஆதிகாலத்திலேயே ஏராளமாக உருவாகிக் கரும்பொருளாகவே இருக்கலாம் என்று கணக்குகள் வந்தன. அதே ஆண்டு பியர் சிகிவி, வலுவான காந்தத்துக்குள் ஆக்சியானை ஒளியாக மாற்றிப் பிடிக்கலாம் என்று வழி சொன்னார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற தேடலில் பெரும்பகுதி அந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

இனி காந்தம். அதை அளக்கும் அலகு காஸ். பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற இயந்திரம் 15,000 காஸ். சாதாரணப் பல்சாரில், அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீனில், ஒரு லட்சம் கோடி காஸ். மேக்னடாரில் ஒரு கோடி கோடி, அதற்கும் மேலே. 1992-ல் டங்கனும் தாம்சனும் இப்படிப்பட்ட விண்மீன்கள் இருக்க வேண்டும் என்று சொன்னபோது அது ஒரு கருத்து மட்டும்தான். இன்று சுமார் முப்பது தெரிந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அது எங்கள் கரைக்காரர்களுக்கு மறக்க முடியாத நாட்களை ஒட்டி வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் மறுநாளும் யாரும் தூங்கவில்லை. அந்த மறுநாள் ராத்திரி, நம் நேரப்படி 28-ஆம் தேதி விடிகாலை மூன்று மணிக்கு, தனுசு ராசிப் பக்கம் பல பத்தாயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எஸ்ஜிஆர் 1806-20 என்ற மேக்னடாரின் வெடிப்பு பூமியை வந்தடைந்தது. அதன் உச்சம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் நீடித்தது. அந்த நேரத்துக்குள் சூரியன் ஒரு லட்சம் ஆண்டுகளில் வெளிவிடும் ஆற்றலைவிட அதிகம் வெளியே வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் பூமியின் அயனி மண்டலத்தை அது அசைத்துவிட்டது. காந்தப்புலத்தில் அடைந்து கிடக்கும் ஆற்றல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, இவ்வளவு காந்தம் இருந்தும் ஒளி ஏன் கொத்தாக ஆக்சியானாக மாறுவதில்லை?

வெற்றிடம்தான் தடுக்கிறது. 1936-ல் ஹைசன்பெர்கும் ஆய்லரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். மிக வலுவான புலத்தில் வெற்றிடம் வெறுமனே இருக்காது, அதற்கும் கண்ணாடி போல ஒரு ஒளிவிலகல் எண் வந்துவிடும் என்பது அந்தக் கணக்கு. அதுவும் ஒரே எண் கிடையாது. ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு எண்கள். கால்சைட் படிகத்தைப் புத்தகத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரிவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள், அதே இரட்டை ஒளிவிலகல்தான், படிகமே இல்லாமல். சுமார் 44 லட்சம் கோடி காஸ் என்ற எல்லையை நெருங்கினால் இந்த விளைவைப் புறக்கணிக்கவே முடியாது. மேக்னடார் அந்த எல்லைக்கு மேலே நிற்கிறது.

ஒளி ஆக்சியானாக மாற வேண்டுமென்றால் இரண்டு அலைகளும் கொஞ்ச தூரமாவது ஒரே தாளத்தில் போக வேண்டும். ஏரிக்கரையில் இரண்டு பேர் தோளில் கம்பு வைத்து நடுவில் மீன்கூடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போவதைப் பார்த்தால் புரியும். அடி ஒத்துப்போனால் கூடை நேராகப் போகும், அடி மாறினால் ஒருவர் முன்னே இழுக்க மற்றவர் பின்னே இழுக்க அது அந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். விண்மீனின் மேற்பரப்பில் காந்தத்தால் ஒளியின் வேகம் லேசாகக் குறைகிறது, ஆக்சியானுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடி மாறிவிடுகிறது. ஒரு துளி மாறும், அடுத்த கணமே அந்தத் துளி திரும்ப ஒளியாகிவிடும். நிகரமாக எதுவும் நடப்பதில்லை.

விண்மீனை விட்டு விலக விலக காந்தம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. வெற்றிடத்தின் விலகல் எண்ணோ காந்தத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் இன்னும் வேகமாக விழுகிறது. ஆகவே விண்மீனின் ஆரத்தைப் போல சில நூறு மடங்கு தூரத்தில், அதாவது சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இரண்டு அலைகளும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. அங்கே காந்தம் லட்சக்கணக்கான காஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். மாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

இந்தக் கணக்கை முடித்தால் வருகிற விடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. மாறும் வாய்ப்பு, மேற்பரப்புக் காந்தத்தின் ஐந்தில் இரண்டு அடுக்காகத்தான் கூடுகிறது. ஒரு சாதாரணப் பல்சாரிலிருந்து நூறு மடங்கு காந்தமுள்ள மேக்னடாருக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. காந்தம் கூடும்போது, மாற்றம் நடக்கும் இடத்தையும் அது தானே வெளியே தள்ளிவிடுகிறது. ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் கூடினாலும் அந்த இடம் வெளியேதான் தள்ளப்படுகிறது, அப்போது வாய்ப்பு குறையவே செய்கிறது.

எண்ணில் எவ்வளவு? சூரியனிலிருந்து வரும் ஆக்சியான்களைப் பிடிக்க செர்ன் ஆய்வகத்தில் காஸ்ட் என்று ஒரு சோதனை ஓடியது. பெரிய முடுக்கிக்காகச் செய்த மாதிரிக் காந்தம் ஒன்றை, சுமார் 9 டெஸ்லா, அதாவது 90,000 காஸ், சூரியனை நோக்கித் திருப்பிவைத்துப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. அதனால் ஆக்சியானுக்கும் ஒளிக்கும் உள்ள உறவு இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று ஒரு வரம்பு கிடைத்தது. அந்த வரம்பில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, பத்து லட்சம் கோடி காஸ் விண்மீனில், 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) எக்ஸ்ரேவுக்குக் கணக்குப் போட்டால் மாறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றரை. வரம்பையே முழுசாக எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு ஒன்றைத் தொடாது.

அக்கா மகளிடம் இந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு விண்மீன் தன் அசல் பிரகாசம் இது என்று பலகை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. மேற்பரப்பின் வெப்பம், பரப்பு, தூரம், நடுவில் இருக்கும் வாயு எல்லாமே நமக்குப் பத்து இருபது சதவீதப் பிழையோடுதான் தெரியும். அதில் பத்தாயிரத்தில் ஒன்றரை குறைந்தது என்று யார் எப்படிச் சொல்வது? அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இதுல ஒண்ணுமே இல்லையா மாமா?" என்றாள்.

இருக்கிறது. திசையைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். நிறைய ஒளியில் கொஞ்சம் குறைவதைத் தேடினால் கிடைக்காது. ஒளியே இல்லாத இடத்தில் கொஞ்சம் ஒளி வந்தால் அது பளிச்சென்று தெரியும்.

நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பு பத்து லட்சம் டிகிரி அளவில் இருக்கிறது என்றால், உள்ளே கருவில் அதைப்போல நூறு மடங்கு வெப்பம் இருக்கலாம். அந்த வெப்பத்துக்குரிய கடின எக்ஸ்ரே, அதாவது ஆற்றல் அதிகமுள்ள எக்ஸ்ரே, கருவிலிருந்து நேராக வெளியே வர வழியே இல்லை, அவ்வளவு அடர்த்தி. ஆனால் அங்கே நியூட்ரான்கள் ஒன்றோடொன்று மோதும்போது ஆக்சியான் பிறந்தால், அது எதையும் பொருட்படுத்தாமல் வெளியே வந்துவிடும். வந்து, சில நூறு ஆரம் தள்ளி அதே காந்தப்புலத்தில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான கணக்கில் எக்ஸ்ரேவாக மாறும். மேற்பரப்பின் வெப்பத்துக்கு வரவே கூடாத ஆற்றலில் அந்த எக்ஸ்ரே நம் கருவியில் விழும். வாய்ப்பு இன்னும் சின்னதுதான், ஆனால் பின்னணி கிட்டத்தட்ட காலி.

"மகத்தான ஏழு" என்று வானியலாளர்கள் அழைக்கும் ஏழு நியூட்ரான் விண்மீன்கள் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ரேடியோவில் பேசாத, வெப்பத்தால் மட்டும் ஒளிர்கிற அமைதியான விண்மீன்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா என்ற இரண்டு விண்தொலைநோக்கிகளின் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்த ஒரு குழு, இவற்றில் சிலவற்றில், குறிப்பாக ஆர்எக்ஸ் ஜே1856.5-3754-ல், 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கக் கூடாத எக்ஸ்ரே கொஞ்சம் இருப்பதாகச் சொன்னது. ஆக்சியானால் இதை விளக்கலாம் என்ற கட்டுரை 2021-ல் வெளிவந்தது. விளக்கலாம் என்பதற்கு மேல் இதுவரை போகவில்லை, போனதாக யாராவது தலைப்பு போட்டால் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், செய்திகளில் இது எப்போதும் குழம்பிப்போகிறது. இதுவரை நான் சொன்ன இரண்டு வழியிலும் தேடுவது ஆக்சியான் போன்ற துகளை மட்டும்தான். அந்தத் துகள் விண்மீனே உண்டாக்கியது. பிரபஞ்சத்தின் கரும்பொருள் அதனால் ஆனதா என்ற கேள்விக்கு இவை பதில் சொல்லாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் தளவிளைவு, அதாவது ஒளி எல்லாத் திசையிலும் அதிராமல் ஒரே திசையில் அதிர்வது. ஒளியில் காந்தப்புலத்தோடு ஒரே தளத்தில் அதிரும் பாகம் மட்டுமே ஆக்சியானோடு மாறிக்கொள்ளும். குறுக்கே அதிரும் பாகம் சும்மா போய்விடும். ஆகவே ஆக்சியானிலிருந்து பிறக்கும் எக்ஸ்ரே முழுக்க முழுக்க ஒரே திசையில் அதிர வேண்டும். எவ்வளவு வெளிச்சம் என்பதோடு எந்தத் திசையில் அதிர்கிறது என்பதையும் கேட்டால் விண்மீன் இரண்டாவது சாட்சியும் சொல்லும்.

இது பயமுறுத்தும் சங்கதி இல்லை. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியை வெட்டிக்கொண்டு போகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே நின்றால் தண்ணீர் முழுக்கத் தகரம் போலக் கண்ணைக் கூசும், தூரத்துப் பூநாரைகள் வெறும் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். நான் என் இன்டர் (பிளஸ் டூ) மாணவர்களை அங்கே கூட்டிப்போய் ஆளுக்கொரு போலராய்டு வில்லையைக் கொடுப்பேன். ஒரு வாட்டத்தில் பிடித்தால் கூச்சம் அப்படியே இருக்கும். மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் அந்தத் தகரம் கழன்று, கீழே சேறும் பாசியும், ஓரத்தில் ஓடும் குஞ்சு மீனும் தெரியும். இன்னும் கால் வட்டம் திருப்பினால் மறுபடி தகரம். தண்ணீரில் பட்டுத் தெறித்த ஒளி கிடைமட்டமாக அதிர்கிறது, சேற்றிலிருந்து வருவது அப்படி இல்லை. ஒளி எங்கிருந்து வந்தது என்பதை அதன் திசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எக்ஸ்ரேவுக்கு இந்த வில்லை வேலை செய்யாது, அதனால்தான் தனியாகச் செயற்கைக்கோளே அனுப்ப வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் நாசா ஐஎக்ஸ்பிஇ-யை அனுப்பியது. 2024 ஜனவரி 1 காலை 9.10-க்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கும் தூரத்தில் பிஎஸ்எல்வி-சி58 கிளம்பியது, அதில் எக்ஸ்போசாட். வெள்ளைத் தூண் மேலே போய் வளைந்த பிறகுதான் சத்தம் வரும், ஜன்னல் கம்பிகள் லேசாக அதிரும், தெருவில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிப்பார்கள். ராக்கெட் எங்களுக்குப் பழகிப்போன காட்சிதான். ஆனால் அன்றைக்குப் போனது நியூட்ரான் விண்மீன்களின் எக்ஸ்ரே எந்தத் திசையில் அதிர்கிறது என்று கேட்கப்போகும் கருவி என்பதால் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்கப்போவதில்லை. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம் செய்த போலிக்ஸ் கருவியில் நடுவில் பெரிலியம், சுற்றி நாலு பக்கமும் உணரிகள். வரும் எக்ஸ்ரே பெரிலியத்தில் பட்டு எந்தப் பக்கம் அதிகம் சிதறுகிறது என்பதை வைத்து அதன் அதிர்வுத் திசையைக் கணிக்கிறார்கள். அது பார்ப்பது 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட். முதலில் பார்த்தது நண்டு வடிவ நெபுலாவிலுள்ள பல்சாரை. பிரகாசமான மூலங்களுக்கான கருவி அது, அதனிடம் மங்கலான ஆக்சியான் ஒளியைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் வலுவான காந்தம் சாதாரண எக்ஸ்ரேவை என்ன செய்யும் என்பது நமக்கு முதலில் சரியாகத் தெரிந்தாக வேண்டும், அதற்கு இது பெரிய உதவி.

ஏனென்றால் ஏமாற நிறைய இடம் இருக்கிறது. ஐஎக்ஸ்பிஇ பார்த்த முதல் மேக்னடார் 4யூ 0142+61. குறைந்த ஆற்றலில் சுமார் 15 சதவீதத் தளவிளைவு, 4 முதல் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதற்கு மேலே போனால் 35 சதவீதம், அதுவும் திசை சரியாக 90 பாகை திரும்பிப்போய். 2022-ல் இது வெளிவந்ததும் ஆக்சியான் ஞாபகம் வராத ஆள் இருக்க முடியாது. ஆனால் ஆக்சியான் இல்லாமலே இதற்கு விளக்கம் இருக்கிறது: குறைந்த ஆற்றல் ஒளி, வளிமண்டலம் இல்லாத திடமான மேற்பரப்பிலிருந்து; அதிக ஆற்றல் ஒளி, முறுக்கிக் கிடக்கும் காந்தப்புலத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் மேல் பட்டுச் சிதறியது. இன்னொரு மேக்னடாரில் தளவிளைவு 80 சதவீதம் வரை போகிறது, ஆனால் திசை திரும்பவே இல்லை. அப்புறம் வெற்றிடத்தின் இரட்டை விலகல் வேறு இருக்கிறது. 2015-ல் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியில் அதே ஆர்எக்ஸ் ஜே1856-ஐப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 16 சதவீதத் தளவிளைவு வந்தது. அதை வெற்றிடத்தின் வேலைக்கு அடையாளம் என்கிறார்கள். விண்மீனும் வெற்றிடமும் தங்கள் பங்கைச் செய்த பிறகு மிச்சம் இருப்பதைத்தான் துகளின் கணக்கில் எழுத முடியும்.

இனி கரும்பொருளையே நேராகத் தேடும் வழி. நம் பால்வழியில் கரும்பொருள் ஆக்சியானாக இருந்தால் அது எங்கும் நிரம்பியிருக்கிறது, நியூட்ரான் விண்மீனின் ஈர்ப்பில் விழுந்துகொண்டும் இருக்கிறது. விண்மீனைச் சுற்றி மின்னூட்டத் துகள்களின் பிளாஸ்மா உண்டு, உள்ளே போகப்போக அதன் அடர்த்தி கூடும். பிளாஸ்மாவுக்குள் ஃபோட்டான் எடை உள்ளது போல நடந்துகொள்ளும். ஏதோ ஒரு ஆழத்தில் அந்த எடையும் ஆக்சியானின் எடையும் ஒன்றாகும். அங்கே இரண்டு அலைகளும் ஒத்துப்போய், ஆக்சியான் ரேடியோ அலையாக மாறும். அது வரும் அதிர்வெண்ணே ஆக்சியானின் எடை: 1 கிகாஹெர்ட்ஸில் வந்தால் சுமார் 4 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். பால்வழியின் மையத்துக்கு மிக அருகில் 2013-ல் கண்டுபிடித்த பிஎஸ்ஆர் ஜே1745-2900 என்ற மேக்னடார் இதற்குத் தோதான இடம், கரும்பொருள் அங்கே அதிகம் குவிந்திருக்க வேண்டும். அதன் ரேடியோ பதிவுகளை அலசிவிட்டார்கள், ஒரே அதிர்வெண்ணில் எழும்பி நிற்கும் கோடு எதுவும் இல்லை. இல்லை என்பதும் ஒரு வரம்புதான், காஸ்ட் கொடுத்ததைப் போல.

அக்கா மகளுக்கு ரேடியோதான் முதலில் பிடித்தது, அது கரும்பொருளையே நேராகத் தேடுகிறதே. ஆனால் பிளாஸ்மா எப்படிப் பரவியிருக்கிறது என்ற மாதிரியைக் கொஞ்சம் மாற்றினாலே விடை பல மடங்கு மாறும், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் அதைக் கட்டுப்படுத்த முடியாது. எக்ஸ்ரேவை எடு, எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்து கிடக்கின்றன, லேப்டாப் போதும் என்றேன். மேக்னடாரையும் விட்டுவிடு, அதன் கடின எக்ஸ்ரேக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அமைதியான அந்த ஏழில் ஒன்றைப் பிடி என்றேன். இப்போது ஆர்எக்ஸ் ஜே1856-ல் உட்கார்ந்திருக்கிறாள். முதல் வேலையாக, இரண்டு மென்மையான ஃபோட்டான்கள் ஒரே நொடித்துண்டில் உணரியில் விழுந்து ஒரே கடினமான ஃபோட்டானாகப் பதிவாகியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பதிவானதைக் கழித்த பிறகும் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே ஏதாவது நிற்கிறதா என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.